சென்னியப்பன் மேசையில் நின்ற போர் விமானம்

எங்கள் சங்கத்தின் ஒன்பதாவது விதியைக் கொண்டுவந்தவரே லேத் பட்டறை சென்னியப்பன் அண்ணன்தான். ஆண்டுக் கண்காட்சியில் தொடர்ந்து மூன்று தடவை மேசையைக் காலியாக வைக்கிற உறுப்பினரின் பெயர் பதிவேட்டிலிருந்து அடிக்கப்படும் என்பது அந்த விதி. யாரோ ஒரு சோம்பேறியைத் துரத்துவதற்காக, கூட்டத்தில் மேசையைத் தட்டித் தட்டி அதை நிறைவேற்றினார். அந்தச் சோம்பேறி அடுத்த மாதமே ஒரு ஹெலிகாப்டரைச் செய்துகொண்டு வந்து நின்றுவிட்டான். அதற்கப்புறம் அந்த விதியில் மாட்டிக்கொண்டவர் அண்ணன் ஒருவர்தான்.

நாங்கள் கோயமுத்தூரில் போர் விமானங்களைச் சின்ன அளவில் செய்கிறவர்கள். எழுபத்திரண்டில் ஒரு பங்கு. நிஜ விமானம் எழுபத்திரண்டு அடி நீளமென்றால் எங்களுடையது ஓரடி. பெட்டியில் விற்கிற பிளாஸ்டிக் துண்டுகளை வாங்கி ஒட்டுகிறவர்கள் பொதுப் பிரிவு. எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்கிறவர்கள் கைவேலைப் பிரிவு. கைவேலைக்காரர்கள் பொதுப் பிரிவுக்காரர்களோடு டீ குடிப்பார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள்.

நடுவர் வருவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தம் மேசை அருகில் நின்று, எப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்கே கேள்வி கேட்கலாம். இது எங்கள் வழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை, கணபதிப் பகுதியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில், பத்தரை மணிக்கு அண்ணனின் முறை வந்தது. மேசை மேல் ஒன்றுமில்லை. போன வருடமும் இல்லை, அதற்கு முந்தின வருடமும் இல்லை. செயலாளன் என்கிற முறையில் பதிவேடும் சிவப்புப் பேனாவும் என் கையில் இருந்தன. அண்ணனும் அவர் விடுகிற கதைகளும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பசை வாசனையை மோந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"அண்ணா, பதினோரு மணிக்கு நடுவர் வந்துருவாங்க. இந்த வருசமாவது ஏதாச்சும்..." என்றேன்.

"வெசனப்படாதீங்க செக்ரட்டரி. இந்த வருசம் பண்ணியாச்சுங்க. ஒத்தை சீட்டு சண்டை ஜெட்டு. எப்படிப் பண்ணுனேன்னு மட்டும் கேளுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல ஆணிங்க. ஒரு ரெக்கைக்கு நாலாயிரத்து முந்நூறு ரிவெட்டு. ஒவ்வொண்ணும் கடுகுல பத்துல ஒரு பங்கு. அத்தனைக்கும் லேத்துல மரை போட்டனுங்க."

பெர்னார்டு சார் விமானப்படையில் இருபது வருடம் நிஜ விமானங்களைக் கழற்றிப் பூட்டியவர். அவரால் பொறுக்க முடியவில்லை. "அடிச்சு இறுக்கற ரிவெட்டுக்கு ஏதுய்யா மரை?"

"அதாஞ் சார் உங்க காலத்துல விமானமெல்லாம் லொடலொடன்னு கெடந்துச்சு. கடைசி ஆணி போடறப்ப எனக்கு ஒரு தும்மல் வந்துருச்சுங்க. ரெண்டாயிரம் ஆணி பறந்து போச்சு. அதுக்கப்பறம் ரெண்டு நாளு ஊட்ல ஒருத்தரையும் மூச்சு விட விடல. எங்கூட்டு அம்மணி சமையலறைச் சன்னல்ல தலையை நீட்டி மூச்சு விட்டுட்டு வந்துதான் கொழம்பு தாளிச்சா."

"சரி, உள்ள மீட்டர் எல்லாம்?" என்று கேட்டார் மெஹருன்னிசா டீச்சர். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர். எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

"பதினாலு மீட்டரு. ஒவ்வொண்ணுலயும் முள்ளு. எல்லாம் கொசுவோட மொழங்காலுக்குக் கீழ இருக்கற ரோமம்."

"கண்ணுக்கே தெரியாத முள்ளை எப்படிண்ணா பொருத்துனீங்க?"

"கண்ணை மூடிட்டுத்தான் டீச்சர். தெரியாததை முழிச்சுப் பாத்து என்ன பண்றது?"

அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"விமானின்னு ஒரு பொம்மை செதுக்கி உக்கார வெச்சேன். மூஞ்சியில உசுரே இல்லீங்க. செரின்னு ஒரு கட்டெறும்பைப் புடிச்சு வேலைக்குச் சேத்துனேன். சட்டை தெச்சு, பெல்ட்டு மாட்டி, மூணு மாசம் பயிற்சி. ஆபத்துன்னா சீட்டோட மேல தூக்கி எறியற வசதி வேணுமில்லீங்களா? சீட்டுக்கு அடியில வெடிமருந்து வெச்சேன். இழுத்தான் பாருங்க பிடியை! சீலிங் பேனுக்கும் மேல போயி, வெங்காயத் தோலுல நான் தெச்ச பாரசூட்டை விரிச்சு, ஆடி அசைஞ்சு நேரா சக்கரை டப்பாவுக்குள்ள எறங்கிட்டான்."

"சர்க்கரை டப்பா மூடி திறந்தா இருந்துச்சு?" பெர்னார்டு சார் விடவில்லை.

"ஏனுங் சார், எறும்பு உள்ள போறதுக்கு மூடி தொறந்திருக்கோணும்னு எந்த ஊட்லீங்க பாத்தீங்க?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பெர்னார்டு சார் மட்டும் தன் வீட்டுச் சர்க்கரை டப்பாவை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, சிரிக்கவில்லை.

"அதோட அவன் வேலைக்கு வரலீங்க. டப்பாவுலயே தங்கிட்டான். மறுவாரம் பென்சன் கேட்டு நாப்பது பேரைக் கூட்டிட்டு வரிசையா செவுத்துல வந்து நிக்கறான். செரி, போறான் போ, விமானி இல்லாமயே ஓட்டிக்கலாம்னு எஞ்சின்ல கை வெச்சேன். எஞ்சினைப் பத்திச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க."

"இதுவரைக்கும் சொன்னதை நம்பிட்டோமாக்கும்?" என்றார் டீச்சர்.

"ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் ஊத்தி, மொட்டை மாடியில வெச்சு முடுக்குனனுங்க. கொடியில காஞ்சிட்டிருந்த அம்மணி சீலையை மூக்கு வழியா உள்ள இழுத்துச்சு. ஐயோ போச்சுடான்னு நிக்கறேன். பின்னால சூடா காத்து வருதில்லீங்களா? அந்த வழியா இஸ்திரி போட்டு, நாலா மடிச்சு, ஜாக்கெட்டுத் துணியைத் தனியா வெச்சு வெளிய தள்ளுச்சுங்க. பத்து நிமிசத்துல தெருவே துணி மூட்டையோட வாசல்ல நிக்குது. எங்க தெருவுல இஸ்திரிக்காரர் என்னோட பேச்சுவார்த்தையையே நிறுத்திட்டாரு."

"பறந்துச்சா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கதையில் நானும் கொஞ்சம் இறங்கிவிட்டிருந்தேன்.

"பறக்கறதாவதுங்க! சத்தத்தோட வேகத்தையே தாண்டிப் போச்சு. நிஜ விமானம் சத்தத்தைத் தாண்டுனா ஊர்ல இருக்கற கண்ணாடியெல்லாம் ஒடையுமில்லீங்களா? என்னுது எழுபத்திரண்டுல ஒண்ணு. எங்கூட்ல எழுபத்திரண்டு கண்ணாடி டம்ளர் இருக்குது. அதுல ஒண்ணே ஒண்ணு ஒடஞ்சுதுங்க."

"மத்த எழுபத்தொண்ணு?"

"சின்ன விரிசல்கூட இல்லீங்க டீச்சர். வேணும்னா ஊட்டுக்கு வந்து எண்ணிக்குங்க."

மணி பத்தே முக்கால். கூடத்தில் மற்ற மேசைக்காரர்களும் அவரவர் விமானங்களை அம்போவென்று விட்டுவிட்டு இங்கே வந்து சூழ்ந்துகொண்டார்கள். கூட்டம் சேர்ந்தால் அண்ணனுக்குக் குரல் ஏறும்.

"மறுநா காலையில மூணு ஜீப்புங்க. ஆபீசருங்க எறங்கறாங்க. உங்கூட்டு மொட்டை மாடியிலருந்து ஒரு அன்னிய விமானம் பறந்ததை ராடார்ல பாத்தோம்ங்கறாங்க."

"ஆபீசருங்க எந்த விமானத் தளத்துலருந்து வந்தாங்க?" என்றார் பெர்னார்டு சார்.

"அது ராணுவ ரகசியமுங்க. நீங்களே இப்படிக் கேக்கலாமா? விமானத்தைக் கையில எடுத்துக் காட்டுனேன். பாத்ததும் பெரியவரு தொப்பியைக் கழட்டிட்டாரு. இதையே பெருசாப் பண்ணிக் குடுப்பீங்களான்னு கேட்டாரு. முடியாதுங்க, எனக்குக் கைவேலைதான், பெருசெல்லாம் கம்பெனிக்காரன் பண்றதுன்னுட்டேன். அப்ப இதையே நாங்க எடுத்துக்கறோம், ஆனா டெண்டர் விட்டுத்தான் எடுக்கோணும், வழக்கமா ஒரு விமானத்துக்குப் பதினெட்டு வருசம் ஆகும்னாரு. கமிட்டி போடோணும், கமிட்டியைப் பத்தி விசாரிக்க இன்னொரு கமிட்டி போடோணும், கோப்பு தொலையோணும், அதைத் தேடோணும். எத்தனை சோலி இருக்குது! ஆனா என்னுது எழுபத்திரண்டுல ஒண்ணுதானுங்களே. அதனால அத்தனையும் மூணே மாசத்துல நடந்து முடிஞ்சு, வேண்டாம்னு லெட்டரும் வந்துருச்சுங்க."

டீச்சர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். பதினெட்டு வருடம் இருநூற்றுப் பதினாறு மாதம். எழுபத்திரண்டால் வகுத்தால் மூன்று. "கணக்கு சரியாத்தான் வருது" என்று எரிச்சலோடு சொன்னார். தப்பாக வந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எல்லாஞ் சரி" என்று பெர்னார்டு சார் மேசையைக் காட்டினார். "அந்த விமானம் இப்ப எங்கய்யா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அண்ணன் அத்தனை நேரமும் காத்திருந்தார் போலிருக்கிறது. மெல்ல எழுந்தார்.

"போர் விமானத்துக்கு எது சார் முக்கியம்? எதிரி கண்ணுல படக் கூடாது. வண்ணம் பூசறதுலதான் சூட்சுமமே இருக்குது. ஆகாசத்து நெறத்தைப் பூசுனா மண்டபத்துக்குள்ள காட்டிக் குடுத்துரும். அதனால நேத்துச் சாயங்காலமே இங்க வந்து, இந்த மேசை நெறத்தைப் பாத்து, அதே நெறத்தை நானே கொழைச்சு, ரெண்டு கை பூசி, இங்கயே காய வெச்சுட்டுப் போனனுங்க. மூணாவது கை பூசலாம்னு காலையில வந்து பாக்கறேன், எனக்கே தெரியலீங்க! விமானம் உங்க முன்னாலதான் நிக்குது."

டீச்சர் வேண்டுமென்றே டீ டம்ளரை மேசை நடுவில் வைக்கப் போனார்.

"டீச்சர்! ரெக்கை! ரெக்கை!" என்று அண்ணன் அலறிய அலறலில், பாவம், டீச்சரே பயந்துபோய் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் நடுவர் உள்ளே வந்தார். விங் கமாண்டர் வசுந்தரா. பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருடமும் விமானங்களைப் பறக்க விடலாமா கூடாதா என்று சோதித்துக் கையெழுத்துப் போட்டவர். சிரிக்கத் தெரியாத முகம். என்ன கூட்டம் என்று கேட்டார். நான் தட்டுத்தடுமாறி, ஒன்பதாவது விதியையும் அண்ணனின் வண்ணப் பூச்சையும் சேர்த்துச் சொல்லி முடித்தேன். அவர் பையிலிருந்து பூதக்கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்தார். மேசைக்கு முன்னால் குனிந்தார்.

இடமிருந்து வலமாகப் பார்த்தார். முட்டி போட்டு அடியில் பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு வால் பக்கமாக, அதாவது வால் இருக்க வேண்டிய பக்கமாக, வெகுநேரம் பார்த்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். சென்னியப்பன் அண்ணனின் நெற்றியில் வியர்வை பொடித்ததை அன்றுதான் நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

நடுவர் நிமிர்ந்தார். "ரொம்ப நல்லா இருக்கு, ஐயா. ரிவெட் வரிசை ஒழுங்கா இருக்கு. மேசை காலி இல்லைன்னு எழுதிக்கோங்க, செக்ரட்டரி. உறுப்பினர் பதவிக்கு ஒண்ணும் ஆகாது."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினேன்.

"ஆனா கைவேலைப் பிரிவுல சேர்க்க முடியாது" என்றார் நடுவர். "பொதுப் பிரிவுலதான் போடணும். வால்ல இருக்கிற நம்பர் ஸ்டிக்கர் கடையில வாங்கினது."

அண்ணனின் முகம் செத்துப்போயிற்று. "என்னதுங்க?"

"ஸ்டிக்கர். கடைச் சரக்கு. பார்த்தாலே தெரியுது."

"நானா? கடையிலயா?"

"அண்ணா, விடுங்கண்ணா" என்று அவர் காதோடு கெஞ்சினேன். "ஒரு ஸ்டிக்கர்தானே. வாங்கினேன்னு ஒத்துக்குங்க. பேரு நிக்கும். டீயைக் குடிச்சுட்டு ஊட்டுக்குப் போலாம்."

டீச்சரும் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். பெர்னார்டு சார்கூட, "ஆமாய்யா, நான்கூட அந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன்" என்றார். இருபது வருடம் படையில் இருந்த மனிதர் அவர், ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணனுக்காகச் சொன்னார்.

அண்ணன் எங்கள் எல்லோர் கையையும் உதறினார். குரல் உடைந்துவிட்டது.

"ஏனுங்கம்மா, அங்க விமானமே இல்லீங்க! வெறும் மேசைங்க! இருந்திருந்தா அந்த நம்பரை ஒத்தை முடியில வண்ணம் தொட்டு நானே எழுதியிருப்பனுங்க. கடையில வாங்கி ஒட்டறவனா இருந்தா, மூணு வருசமா எதுக்குங்க வெறும் மேசைக்கு முன்னால நின்னு இப்படித் தொண்டை கிழியக் கத்திட்டிருக்கறேன்? எப்பவோ ஒரு பெட்டியை வாங்கி ஒட்டிக் கொண்டாந்து வெச்சிருக்க மாட்டனா?"

அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் உண்மை அது. கைதட்டலாமா, அழலாமா என்று தெரியாமல் எல்லோரும் நின்றோம்.

"அப்படின்னா மேசை காலி" என்றார் நடுவர்.

"காலிதானுங்க."

விதி விதிதான். பதிவேட்டைத் திறந்து, சிவப்புப் பேனாவால் அவர் பெயரின் மேல் ஒரு கோடு போட்டேன். கோடு நேராக வரவில்லை.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு எட்டு வைத்தவர், திரும்பி வந்து பதிவேட்டை எட்டிப் பார்த்தார். நெஞ்சு பழையபடி நிமிர்ந்துவிட்டது.

"செக்ரட்டரி, காலின்னு எழுதுனது செரி. பக்கத்துலயே கைவேலைப் பிரிவுன்னு சேத்து எழுதுங்க. இந்தக் காலியை மூணு வருசமா முழுசா நானே பண்ணுனேன். ஒரு துணுக்குகூட வெளிய வாங்கலீங்க."

விங் கமாண்டர் வசுந்தரா மறுபடியும் குனிந்தார். மேசையை ஒரு விரலால் தேய்த்து, விரலை டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதையும் ஒத்துக்க முடியாது, ஐயா. இந்தத் தூசி எழுபத்திரண்டுல ஒண்ணு இல்லை. முழு அளவுல இருக்கு."