ஆயிரத்தொன்பதாவது கொழுக்கட்டை

பிள்ளையாருக்கு ஆயிரத்தெட்டு கொழுக்கட்டை படைப்பது கோட்டைமங்கலத்தில் ஊர் வழக்கம். அந்த ஊர் ராஜாவுக்கு எதிலும் ஊருக்கு மேல் ஒன்று வேண்டும். அதனால் அரண்மனையில் ஆயிரத்தொன்பது அவித்தாயிற்று.

"சபையில் இருப்பவர்களுக்குச் சமமாகப் பங்கு வை" என்று ராஜா சமையல்காரி செங்கமலத்திடம் சொன்னார். "ஒன்று உடைந்தாலும் மீந்தாலும் உன் தலை இருக்காது."

இருபது பேருக்குப் பங்கு வைத்தாள், மீந்தது. "மந்திரியாரே, கொஞ்சம் வெளியே இருங்கள்" என்றாள். பத்தொன்பது பேருக்கு வைத்தும் மீந்தது. சேனாதிபதி போனார், புலவர் போனார், விசிறி வீசுகிறவனும் போனான். கடைசியில் ராஜா மட்டும் இருந்தார்.

"இப்போது சரியாக வருகிறது, மகாராஜா. அத்தனையும் உங்களுக்கே. மீதி வைக்காமல் சாப்பிடுங்கள்."

ராஜா குவியலைப் பார்த்தார், வயிற்றைத் தடவிக்கொண்டார். "வேறு வழியே இல்லையா?"

"இது பகா எண், மகாராஜா. ஒன்றுக்கு மசியும், இல்லையென்றால் தனக்கே மசியும். ஆயிரத்தொன்பது பேர் இருந்தால் ஆளுக்கு ஒன்று."

கோட்டைக் கதவைத் திறந்தார்கள். ஊரே வரிசையில் வந்து வாங்கித் தின்றது. செங்கமலமும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கொழுக்கட்டை கிடந்த தாம்பாளத்தை ராஜாவிடம் நீட்டினாள்.

"எனக்கு ஒன்றுதானா?"

"ஊருக்கு மேல் ஒன்று கேட்டீர்களே மகாராஜா, அந்த ஒன்று இதுதான்."