காற்றுக்குச் சொந்தக்காரர்

யூரியா ஒரு பிடிகூடப் போடாமல் குருவம்மாளின் கரும்பு பச்சைப்பசேலென்று நின்றது. பக்கத்து வயல்காரரான பண்ணையார் திருவேங்கடத்துக்கு வயிறெரிந்தது. ஊர்க்கூட்டத்தைக் கூட்டி, "என் உரத்தைத் திருடிட்டா! இவ நிலத்தைப் பறிங்க!" என்று குதித்தார்.

குருவம்மாள் அசரவில்லை. "கொஞ்சம் தொழுவுரம்தானுங்க போட்டேன். நடுறப்போ கரும்புத் துண்டு, அதான் கரணையை, நுண்ணுயிர்க் கரைசல்ல நனைச்சேன். அதுங்க கரும்புக்குள்ளேயே குடியிருந்து, யூரியாவுல இருக்கிற அதே தழைச்சத்தைக் காத்துலேருந்து பிடிச்சு ஊட்டுதுங்க."

"அந்தக் காத்து என் வயலைத் தாண்டித்தானே வருது? அப்போ அதுவும் என் சொத்துதான்!"

"சரிங்க சாமி. போன வாரம் உங்க காத்து என் கூரையைப் பிச்சிக்கிட்டுப் போயிடுச்சு. எப்ப வேஞ்சு தர்றீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. காற்று தன்னுடையதில்லை என்று அத்தனை பேர் முன்னாலும் மூன்று முறை சொன்ன பிறகுதான் பண்ணையாரை வீட்டுக்குப் போக விட்டார்கள்.