கரை சரியுமா என்று கேட்ட முள்ளம்பன்றி

ஒரு காட்டில் ஒரு கிழட்டு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு முதலில் துரோகம் செய்தது நரி. பிள்ளைகளே, இதை முதலிலேயே மனத்தில் போட்டு வையுங்கள். அந்தக் காட்டில் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் கதையை வேறு இடத்திலிருந்துதான் தொடங்குவார்கள்.

முள்ளம்பன்றிக்கு ஞாபகம் அதிகம். யார், எப்போது, தன்னை என்ன சொன்னார்கள் என்பதை அது மறப்பதே இல்லை. முயல் அதன் கிழங்கைக் கடித்துவிட்டு ஓடியது, மயில் அதன் நடையைப் பார்த்துச் சிரித்தது, எல்லாம் அதன் நெஞ்சில் அப்படியே இருந்தன. அதனால் யாரும் அதனோடு ஒட்டுவதில்லை. அதற்கென்று இருந்த ஒரே துணை அதன் கிழவிதான். கிழவிக்குக் கண் இரண்டும் மங்கிப்போய்விட்டன. பின்னங்கால்களும் வீங்கிவிட்டன. காட்டாற்றின் உயரமான கரையில், ஒரு மருதமரத்தின் வேர்களுக்கு நடுவே இருந்த வளையில் இரண்டும் குடியிருந்தன.

கோடை வந்தால் அந்த ஆறு வற்றிவிடும். விலங்குகள் ஆற்று நடுவில் மணலைத் தோண்டி, ஊறி வரும் தண்ணீரைக் குடிக்கும். ஊற்றைக் கண்டுபிடித்தவனுக்கே முதல் வாய் என்பது காட்டு வழக்கம். அவன் குடித்துவிட்டுத் தலை நிமிரும்வரை யானையே வந்தாலும் காத்துத்தான் நிற்க வேண்டும்.

நரிக்கு அந்த முதல் வாய் மேல் கொள்ளை ஆசை. ஆனால் வெயிலில் நின்று மணலைத் தோண்ட உடம்பு வணங்காது.

ஒருநாள் அது மருதமர நிழலில் வந்து உட்கார்ந்தது. "பெரியவரே, காடே காய்கிறது. உங்கள் வீட்டில் மட்டும் எப்படி இவ்வளவு குளிர்ச்சி?" என்று கேட்டது.

யாராவது தன்னிடம் அன்பாகப் பேசி வெகுநாள் ஆகியிருந்ததால் முள்ளம்பன்றி இளகிவிட்டது. "அடிச்சுவரில் எப்போதும் ஈரம் கசியும், தம்பி. கரைக்குள்ளேயே ஏதோ நீரோட்டம் இருக்கிறது போல" என்றது.

"அப்படியா சங்கதி!" என்றது நரி.

மறுநாளே அது காட்டுப்பன்றியை அழைத்து வந்து, வளைக்கு நேர் கீழே, கரையின் அடியில் தோண்டச் சொன்னது. தண்ணீர் வந்தது. நிழலில் நின்று குடிக்கிற தண்ணீர். காடே திரண்டு வந்தது. நரி முதல் வாய் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "நான் கண்ட ஊற்று" என்றது. முள்ளம்பன்றியின் பெயரை அது எடுக்கவே இல்லை.

அந்த வருத்தம் ஒரு பக்கம் இருக்க, அதைவிடப் பெரிய கவலை ஒன்று வந்து சேர்ந்தது. கூட்டம் பெருகப் பெருகத் தண்ணீர் போதவில்லை. பன்றி கரையை உள்ளே உள்ளே குடைந்துகொண்டே போனது. வளையின் தரையில் விரிசல் விட்டது. மருதமரத்தின் வேர்கள் அந்தரத்தில் தொங்கின. கிழவி படுத்திருந்த இடத்தில் பொலபொலவென்று மண் உதிர்ந்தது.

முள்ளம்பன்றி கரடியிடம் போய் முறையிட்டது. கரடிதான் அந்தக் காட்டுக்குப் பஞ்சாயத்துத் தலைவர். எந்த வழக்கையும் சட்டென்று முடித்துவிட்டுத் தூங்கப் போகவேண்டும், அதுதான் அதன் குணம். ஊற்றங்கரையிலேயே கூட்டம் கூடியது.

"சுருக்கமாகச் சொல்லும்" என்றது கரடி, கொட்டாவி விட்டபடியே.

"ஒரே கேள்விதான், தலைவரே. அடியில் இப்படிக் குடைந்துகொண்டே போனால் கரை சரியுமா, சரியாதா? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்."

நரி எழுந்தது. "நல்ல கேள்வி. ஆனால் கேட்பது யார் என்று பார்க்க வேண்டாமா? முயலோடு சண்டை. மயிலோடு சண்டை. இந்தக் கூட்டத்தில் பெரியவர் சண்டை போடாத ஆள் யாராவது இருந்தால் காலைத் தூக்குங்கள், பார்ப்போம்!"

ஒருவரும் தூக்கவில்லை. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"நான் சண்டைக்காரன்தான். இருந்துவிட்டுப் போகிறேன். கரை சரியுமா, சரியாதா?"

"இதே கரையில் வளை தோண்டிக் குடியிருப்பவர் நீர்தானே? நீர் தோண்டினால் வீடு, நாங்கள் தோண்டினால் கேடா?"

"அப்படிப் போடு!" என்றது கூட்டம்.

"நான் தோண்டியதும் தப்பு என்றே வைத்துக்கொள். என் தப்பு வந்து உன் குழிக்கு முட்டுக் கொடுக்குமா?" என்றது முள்ளம்பன்றி. நல்ல பேச்சுதான். ஆனால் கூட்டம் நரியின் பேச்சுக்கே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அதனால் இது யார் காதிலும் ஏறவில்லை.

காட்டுப்பன்றி மூக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தது. தன் வேலையை யாரும் குறை சொன்னால் அதற்குப் பொறுக்காது. "யோவ் கிழவரே! கோடை தொடங்கிய நாளிலிருந்து நான் தோண்டுகிறேன். ஒரு மண்கட்டியாவது என் தலையில் விழுந்ததா? இதுவரை விழாத கரை இனிமேலா விழப்போகிறது?"

"மரத்திலிருந்து விழுகிறவனும் விழும்வரை விழாதவன்தான், அப்பனே."

"பழமொழியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்றது கரடி. "இத்தனை பேர் தினமும் இங்கே வந்து குடிக்கிறோம். இத்தனை பேருக்கும் தெரியாத ஒன்று உமக்கு மட்டும் தெரிந்துவிட்டதாக்கும்?"

"இத்தனை பேரும் தண்ணீரைப் பார்க்கிறீர்கள், தலைவரே. நான் ஒருவன்தான் மேலே பார்க்கிறேன். முன்போல நடு ஆற்றிலேயே தோண்டுவோம் என்கிறேன்."

அப்போது ஒரு பெண்மான் தன் குட்டியோடு முன்னால் வந்தது. "நடு ஆற்றில் நிழலே கிடையாதே, மாமா. என் குட்டி அந்த வெயிலில் சுருண்டுவிடுமே" என்றது. அதன் குரல் நடுங்கியது.

நரி அந்த நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டது. "கேட்டாயா அம்மா? உன் குட்டி தாகத்தில் சாகட்டும் என்கிறார் பெரியவர்."

"நான் எப்போதடா அப்படிச் சொன்னேன்?"

"அப்படியானால் இங்கேயே குடிக்கலாம் என்கிறீரா?"

"இல்லை, இங்கே..."

"பார்த்தீர்களா! இங்கே குடிக்கக்கூடாது என்றால் குட்டி சாகட்டும் என்றுதானே அர்த்தம்? சுற்றி வளைக்காதீர். ஊற்றா, சாவா? இரண்டில் ஒன்று சொல்லும்!"

"மூன்றாவது வழி ஒன்று இருக்கிறதடா! வெயில் ஏறுவதற்கு முன்னால், விடிந்ததுமே போய்..." என்று கத்தியபோது முள்ளம்பன்றியின் உடம்பு முழுவதும் முட்கள் சிலிர்த்து எழுந்தன. ஆத்திரம் வந்தால் முட்கள் அதன் பேச்சைக் கேட்பதில்லை.

"ஐயையோ, முள்ளைத் தூக்குகிறார்! உண்மையைச் சொல்கிறவருக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் வருகிறது?" என்று நரி பின்வாங்கியது.

மான் பயந்துபோய்க் குட்டியைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டது. அதோடு வழக்கு முடிந்தது.

"கூட்டம் ஊற்றுப் பக்கம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கரடி தூங்கப் போனது.

எல்லோரும் கலைந்த பிறகும் முள்ளம்பன்றி அங்கேயே நின்றது. எத்தனை பேர் எவ்வளவு பேசினார்கள்! ஆனால் சரியும் என்றும் ஒருவர் சொல்லவில்லை, சரியாது என்றும் ஒருவர் சொல்லவில்லை. அது வளைக்குத் திரும்பியது.

"கிழவி, எழுந்திரு. மேட்டுப் பக்கம் போய்விடலாம். வேறு வளை தோண்டுகிறேன்."

"கோடை மண் பாறையாய்க் கிடக்கும். உம்முடைய நகமெல்லாம் போய்விடும்."

"போகட்டும்."

"கூட்டத்தில் என்னதான் சொன்னார்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை. பேசினார்கள்."

கிழவி பெருமூச்சு விட்டது. "அத்தனை பேர் ஒரு பக்கம் நின்றால் அதில் ஏதாவது நியாயம் இருக்கும். உமக்கு யார்மேல்தான் கோபம் இல்லை? போன மழைக்காலத்தில் என்னோடுகூடப் பேசாமல் இருந்தீரே, எதற்கு என்று ஞாபகமாவது இருக்கிறதா?"

ஞாபகம் இருந்தது. ஆனால் முள்ளம்பன்றி அதைச் சொல்லவில்லை.

"நீர் போய்த் தோண்டும். தோண்டி முடித்ததும் வந்து கூப்பிடும். அப்போது வருகிறேன்" என்று கிழவி திரும்பிப் படுத்துக்கொண்டது. இந்த வீங்கிய காலோடு அதை இழுத்துக்கொண்டு போய் வெட்டவெளியில் போடவும் முடியாது. வேறு வழியில்லாமல் முள்ளம்பன்றி மட்டும் மேட்டுக்குப் போனது.

மண் பாறையாகத்தான் இருந்தது. தினமும் போய் அது கீறிக் கீறிப் பார்த்தது. தலை நுழையும் அளவுக்குக்கூடக் குழி ஆகவில்லை. ஒரு நண்பகலில் அப்படிக் கீறிக்கொண்டிருந்தபோது ஆற்றுப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. பெரிய மூட்டையைத் தரையில் போட்டதுபோல, தொம்மென்று ஒரே சத்தம். பிறகு மானின் அலறல்.

முள்ளம்பன்றி உருண்டு புரண்டு ஓடி வந்தது. கரை இருந்த இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. மருதமரம் ஆற்றுக்குள் குப்புறக் கிடந்தது. ஊற்றும் இல்லை, வளையும் இல்லை. மண்மேட்டுக்கு வெளியே மான்குட்டியின் ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மான் அந்தக் காலை நக்கிக்கொண்டிருந்தது.

முள்ளம்பன்றி காட்டுப்பன்றியிடம் ஓடியது. "அப்பா, உனக்கு இது பெரிய வேலையல்ல. இதோ, இந்த இடம்தான். கிழவி இங்கேதான் படுத்திருந்தாள். இன்னும் மூச்சு இருக்கும். தோண்டப்பா! நான் பேசியதையெல்லாம் மறந்துவிடு. தோண்டு!"

காட்டுப்பன்றி மண்மேட்டருகே போனது. மூக்கை மண்ணில் வைத்தது. பிறகு தலைக்கு மேலே எஞ்சி நின்ற கரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பின்னால் வந்துவிட்டது.

"முடியாது, பெரியவரே. அடியில் தோண்டினால் மீதிக் கரையும் சரிந்துவிடும்."

முள்ளம்பன்றி அதன் முகத்தையே பார்த்தது. "என்ன சொன்னாய்?"

"சரிந்துவிடும் என்றேன்."

"இதைத்தானே அன்றைக்கு நான் கேட்டேன்?"

காட்டுப்பன்றி வாயைத் திறந்தது. பிறகு நரியைப் பார்த்தது.

"இதுவா வாதம் செய்கிற நேரம்?" என்றது நரி. "சாவு விழுந்த இடத்தில் நியாயம் பேச வந்துவிட்டார்."

மான் தலையைத் தூக்கியது. "உங்கள் வாய்தான், மாமா! சரியும் சரியும் என்றீர்களே. சரிந்துவிட்டதே!"

"தாயே, நீ சொல்வதில் விஷயம் இருக்கிறது" என்றது நரி மெதுவாக. "நாம் எத்தனை காலம் தோண்டினோம்! கரை நின்றது. இவர் வாயை வைத்தார், விழுந்துவிட்டது."

சத்தத்தில் தூக்கம் கலைந்து வந்த கரடி தலையைச் சொறிந்தது. "ஆமாம். போன வருஷம் அத்திக்கிளை முறியும் என்றார், முறிந்தது. தாமரைக் குளம் வற்றும் என்றார், வற்றியது. அட, இவருக்குக் கரிநாக்கு! கெட்டது எதைச் சொன்னாலும் பலித்துவிடுகிறது."

"கோழி கூவுவதாலா பொழுது விடிகிறது?" என்றது முள்ளம்பன்றி. "விழப்போவதைப் பார்த்தேன், அதனால் சொன்னேன். நான் சொன்னதாலா விழுந்தது?"

"கேட்டுக்கொள்ளுங்கள்! சொன்னேன் என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்" என்றது நரி.

கூட்டம் முணுமுணுத்தது. இனிமேல் முள்ளம்பன்றி எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்கக் கூடாது என்று கரடி தீர்ப்புச் சொன்னது. இந்த முறையும் சட்டென்று சொல்லிவிட்டது.

தாகம் யாரையும் விடவில்லை. விலங்குகள் ஆற்றைக் கடந்து எதிர்க்கரைக்குப் போயின. அங்கேயும் நிழல் இருந்தது. காட்டுப்பன்றி அந்தக் கரையின் அடியில் மூக்கை வைத்தது. நரி முதல் வாய்க்காகப் பக்கத்திலேயே உட்கார்ந்தது.

முள்ளம்பன்றி தனியாக மண்ணைக் கீறியது. மேட்டு மண்ணில் தேய்ந்துபோன நகங்கள். ஒவ்வொரு கீறலுக்கும் கைப்பிடி மண்கூட வரவில்லை. "கிழவி, கிழவி" என்று கூப்பிட்டுக்கொண்டே கீறியது. பதில் வரவில்லை. பொழுது சாயும்போது மான் மட்டும் திரும்பி வந்து கொஞ்ச தூரத்தில் நின்றது. மான்மேல் முள்ளம்பன்றிக்குக் கோபம் வரவில்லை.

கிழவி கடைசிவரை கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்து மண்மேட்டையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது.

கரடி முள்ளம்பன்றிக்கு ஒரு வார்த்தை தர வேண்டும். "நீர் சொன்னது சரி" என்ற ஒரே வார்த்தை. நரி தர வேண்டியது ஓர் உயிர். ஒன்றும் வந்து சேரவில்லை. முள்ளம்பன்றி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கூட்டத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பதால், ஆற்றைப் பார்த்துக் கேட்கிறது.

நீதி: கேள்விக்குப் பதில் சொல்லாமல், கேட்டவனைப் பற்றியே பேசுகிறவர்கள் காட்டும் ஊற்றில் தண்ணீர் குடிக்காதே.