பதினெட்டுக்கு வழி

“நேத்து மறியல் பண்ணினோம் தோழர். யாருக்கும் தெரியலை.”

பவுனம்மாள் டீக்கடை வாசலில் நின்றிருந்தார். பயணிகள் சங்கத்துக்குப் போராடக் கற்றுக்கொடுத்தவர். சொன்னவன் சங்கச் செயலாளர் இருதயராஜ்.

“எப்படித் தெரியாம போகும்?”

“நாங்க போய் உட்காரும்போதே ரோடு நின்னுதான் கிடந்தது. ஒருத்தன் கார்லேருந்து இறங்கி வந்து எங்க பக்கத்துலயே உட்கார்ந்தான். எப்ப சார் கிளியர் ஆகும்னு கேக்கறான்.”

பவுனம்மாளுக்கு டீ புரையேறியது.

“சிரிக்காதீங்க. அடுத்த மாசத்தோட பதினெட்டை நிறுத்தறாங்களாம். நேரத்துக்கு ஓட்ட முடியலையாம்.”

பதினெட்டு அவர்களுடைய ஒரே பஸ். நகரத்தை அழகாக்குகிறோம் என்று ஊருக்கு வெளியே துடைத்து எறியப்பட்டவர்கள் அவர்கள். வீடு போயிற்று. வேலை மட்டும் நகரத்திலேயே தங்கிவிட்டது. பஸ்ஸும் போனால் வேலையும் போகும்.

“நிக்கிற ரோட்டை எப்படி நிறுத்தறது? அதைச் சொல்லுங்க.”

பவுனம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்தார். வந்து நின்ற பதினெட்டில் ஏறினார். அவனும் ஏறினான்.

மேம்பாலத்தடியில் பஸ் நின்றது. முன்னால் கார்கள். காருக்கு ஓர் ஆள்.

“எல்லாரும் இறங்குங்க,” என்றார் பவுனம்மாள்.

இறங்கினார்கள்.

பவுனம்மாள் இடப்பக்கத்துக் கார்களைத் தட்டித் தட்டி வலப்பக்கம் ஒதுக்கினார். ஒதுங்கிய கார் திரும்ப நுழையாதபடி பெண்கள் கைகோத்து நின்றார்கள்.

ஒருவன் கண்ணாடியை இறக்கினான்.

“ரோடு என்ன உங்கப்பன் போட்டதா?”

“எங்கம்மா போட்டது,” என்றாள் வரிசையில் நின்ற செபஸ்தி. “நான் ஜல்லி எடுத்துக் கொடுத்தேன்.”

காலியான இடப்பக்கத்தில் பஸ் நகர்ந்தது. பாலத்தைத் தாண்டி நின்றது. வேலைக்குப் போகிறவர்கள் ஓடிப் போய் ஏறிக்கொண்டார்கள். பவுனம்மாளும் இருதயராஜும் இன்னும் சிலரும் அடுத்த பஸ்ஸுக்கு வழி விடப் பாலத்தடியிலேயே நின்றார்கள்.

போலீஸ் இன்ஸ்பெக்டர்தான் முதலில் வந்தார்.

“வழியை மறிச்சா கேஸ் போடுவேன்.”

“வழி விட்டுக்கிட்டிருக்கோம் சார்,” என்றார் பவுனம்மாள்.

“யாரைக் கேட்டு விட்டீங்க?”

வேனில் ஏற்றினார்கள்.

“இன்னிக்குத் தெரிஞ்சு போச்சு தோழர்,” என்றான் இருதயராஜ்.

வேன் கொஞ்ச தூரம் போய் நின்றது. முன்னால் கார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். சைரன் போட்டார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் வெளியே பார்த்தார். பிறகு பின்னால் திரும்பினார்.

“ஏம்மா, கொஞ்சம் இறங்கி… அதே மாதிரி…”

இருதயராஜ் பவுனம்மாளைப் பார்த்தான். அவர் வேனின் பின்பக்கக் கம்பிவலையைக் காட்டினார்.

வேனுக்குப் பின்னால் அடுத்த பதினெட்டு நின்றுகொண்டிருந்தது. படியில் ஆட்கள் தொங்கினார்கள்.

“இறங்கறோம் சார்,” என்றான் இருதயராஜ். “முதல்ல அது போகும்.”