விட்டுப்போன வரிகள்

ஆவாரங்குன்று ரோப் கார் நிலையத்தில் ஒரு குரு இருந்தாள். பெயர் ஆவுடைச்செல்வி. கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பு அவள்தான். அவளுடைய ஒரே சீடர் பூமிநாதனுக்கு அவளைவிட வயது அதிகம். தலை முக்கால்வாசி நரைத்தவர். மோட்டார் பிரிவில் கிரீஸும் கையுமாக இருந்துவிட்டு, முழங்கால் தேய்ந்ததும் இந்தக் குளிர் அறைக்கு மாற்றலாகி வந்தவர். வந்த புதிதில் கேலியாகத்தான் "குருவே" என்று கூப்பிட்டார். கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

நான் கீழே டிக்கெட் கவுண்டரில் இருந்தேன். எங்கள் நிலையத்து ஆட்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எனக்கும் உண்டு. மலையேற முடியாதவர்களைச் சாமிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் நாங்கள் என்ற திமிர். அதில் அண்ணாச்சியின் பங்கு லாக்.

லாக் என்றால் பெரிய விஷயமில்லை. மோட்டார், பிரேக், காற்றுமானி, ஆபரேட்டர் அமுக்கும் பட்டன் எல்லாமே தாம் செய்ததை உடனுக்குடன் ஒரு வரியாக அனுப்பும். அவற்றை வாங்கி, நேரம் போட்டு, எழுதி வைக்கிற, சர்வீஸ் என்கிற புரோகிராம் ஒன்று கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டே இருக்கும். எச்சரிக்கை வந்தால் திரையில் மஞ்சளாகத் தெரியும். ஒரு மஞ்சளும் இல்லாத நாளை நாங்கள் 'வெள்ளை' என்போம். "இன்னைக்கும் வெள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணாச்சி காபி குடிக்கப் போவார். அந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

ஆடி மாதத்தில் ஒரு நாள், காற்று சுழற்றியடித்த நேரத்தில், மேலே போய்ச் சேர்ந்த பெட்டி ஒன்று மேடையில் மோதியது. உள்ளே இருந்த ஒரு அம்மாளுக்கு மணிக்கட்டு முறிந்தது. அப்போது ஆபரேட்டர் இருக்கையில் இருந்தவள் சங்கரவடிவு.

"காத்து கூடுனதும் ஸ்லோ பட்டனை அமுக்குனேன் சார்," என்றாள் மேனேஜரிடம். "அமுக்கியும் காத்து தள்ளிட்டு."

மேனேஜர் லாக்கை எடுக்கச் சொன்னார். பட்டன் அமுக்கிய வரி அதில் இல்லை.

"லாக்ல இல்லையே வடிவு," என்றார் பூமிநாதன்.

"எதுவும் விட்டுப்போயிருக்குமா?" என்று மேனேஜர் கேட்டார்.

"என் லாக்லயா?" அண்ணாச்சிக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒரு வரி விடாது சார்."

அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். விசாரணைக் கமிட்டி திங்கட்கிழமை மூன்று மணிக்கு என்று முடிவானது. வடிவுக்கு வேலை போய்விடும் என்பது டீக்கடை வரைக்கும் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை மதியம் அவள் யூனிஃபார்மைத் துவைத்து மடித்து எடுத்துவந்து, நிலையத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி அவளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

"நான் அமுக்குனேன் அண்ணாச்சி," என்றாள்.

அதற்குப் பிறகு அந்த அறைக்குள் நடந்ததை அண்ணாச்சிதான் எனக்குச் சொன்னார். ஒரு தரம் இல்லை, பல தரம் சொல்லியிருக்கிறார்.

உள்ளே போனதும் குருவைக் கேட்டார்.

"குருவே, லாக் பொய் சொல்லுமா?"

"சொல்லாது."

அவருக்கு மூச்சு வந்தது. "அதான பாத்தேன்."

"எல்லாத்தையும் சொல்லுமா?" என்று செல்வி திருப்பிக் கேட்டாள்.

"அப்படின்னா?"

செல்வி கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள். "டெஸ்ட் வரி ஒண்ணு அனுப்புங்க அண்ணாச்சி," என்றாள்.

அவர் 'சோதனை' என்று தட்டி அனுப்பினார். லாக்கில் உடனே வந்தது.

"பாத்தீயல்லா?" என்றார்.

"பாத்தேன்."

அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து உபரிக் காற்றுமானியை எடுத்து வந்தாள். கம்ப்யூட்டரோடு ஒயரை மாட்டினாள். மூலையில் கிடந்த டேபிள் ஃபேனைத் தூக்கி அதற்கு எதிரே வைத்து, முழு வேகத்தில் சுழல விட்டாள். காற்றுமானி பேய் பிடித்ததுபோல் சுற்றியது. 'காற்று அதிகம்', 'காற்று அதிகம்' என்று லாக்கில் வரிகள் கொட்டின. கண்ணால் படிக்க முடியவில்லை.

"இப்போ அனுப்புங்க."

"என்னன்னு?"

"உங்க பேரை அனுப்புங்க."

அவர் 'பூமிநாதன்' என்று அனுப்பினார். செல்வி ஃபேனை நிறுத்தினாள். அவர் லாக்கில் தேடினார். மேலிருந்து கீழே வந்தார், கீழிருந்து மேலே போனார். பெயரை அடித்தும் தேடிப் பார்த்தார்.

"வரலையே?"

"இன்னொரு தரம் அனுப்புங்க," என்று ஃபேனைப் போட்டாள்.

அந்த முறையும் வரவில்லை.

"இது என்ன கூத்து! நான் இங்கனதான இருக்கேன்! என் கையாலதான அடிச்சேன்!"

"லாக்ல இல்லையே அண்ணாச்சி," என்றாள் செல்வி.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வடிவிடம் தான் சொன்ன அதே வார்த்தை. அதே குரலில் வேறு சொல்லியிருக்கிறாள்.

பிறகு சர்வீஸின் அமைப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. நொடிக்கு இத்தனை வரிதான் வாங்கலாம், மிச்சத்தை விட்டுவிடலாம் என்று அங்கே ஒரு வரம்பு இருந்தது.

"இதை யாரு வச்சா?"

"நான்தான் வச்சேன். இல்லேன்னா ஒரு ஆடிக்காத்துல டிஸ்க் ரொம்பி சர்வீஸே நின்னுரும்."

"அப்போ விட்டுப்போனதை நாம எப்படித் தெரிஞ்சிக்கிடது?"

"விட்டா, இத்தனை வரி விட்டேன்னு அதுவே ஒரு வரி எழுதும்."

"நான் அப்படி ஒண்ணைப் பாத்ததே இல்லையே."

செல்வி அவர் பக்கம் திரும்பினாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பார்த்திருக்கிறார். போன ஆடியில் அந்த வரி அடிக்கடி மஞ்சளாக வந்து வெள்ளையைக் கெடுத்தது. பிரேக்கைப் பற்றியும் இல்லை, மோட்டாரைப் பற்றியும் இல்லை, சர்வீஸ் தன்னைப் பற்றியே எதையோ புலம்புகிறது என்று நினைத்தார். "இதோட சொந்தக் கதையை எவன் கேட்டான்" என்று, அது திரையிலும் அறிக்கையிலும் தெரியாதபடி ஒரு விதி எழுதி மறைத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் வெள்ளை.

அந்த விதியை எடுத்தார். விபத்து நடந்த நாளுக்குப் போனார். பெட்டி மோதுவதற்குச் சற்று முன்னால் மஞ்சள் வரி நின்றது: வரிகள் விடப்பட்டன.

"இதுல வடிவு அமுக்குனதும் இருக்குமா குருவே?"

"தெரியாது."

"அமுக்காம இருந்திருந்தா?"

"அதுவும் தெரியாது."

"அப்போ, ஒரு வரி விடாதுன்னு நான் போட்ட கையெழுத்து?"

செல்வி ஃபேனின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மானம் போயிருமே. ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேனே, என் லாக்கு என் லாக்குன்னு."

"மணி ரெண்டே முக்கால் அண்ணாச்சி," என்றாள் அவள்.

கமிட்டி கூடிய அறைக் கதவு திறந்துதான் இருந்தது. நாங்கள் நாலைந்து பேர் வேலை இருப்பதுபோல் வராந்தாவில் நின்றோம். அண்ணாச்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"சார், நான் எழுதிக் கொடுத்தது தப்பு. அந்த நேரத்துல லாக் வரிகளை விட்டிருக்கு. விட்டேன்னு அதுவே சொல்லியும் இருக்கு. அதை மறைச்சு வச்சது நான்."

கமிட்டிக்காரர் ஒருவர் கேட்டார்.

"அப்போ அந்தப் பொண்ணு பட்டனை அமுக்குனதுக்கு என்ன சாட்சி?"

"இல்ல சார். அமுக்கலங்கதுக்கும் இல்ல. அமுக்குனேன்னு அவ சொல்லுதா. அது மட்டும்தான் இருக்கு."

சாட்சி இல்லாமல் வேலையை விட்டு எடுக்க முடியாது என்று கமிட்டி முடிவு செய்தது. வடிவு, ஒப்படைத்திருந்த யூனிஃபார்மைத் திரும்பக் கையில் வாங்கிக்கொண்டாள். வெளியே வந்து அண்ணாச்சியைப் பார்த்தாள். "மதியம் சாப்ட்டீயளா?" என்று கேட்டாள். அவர் இல்லையென்று தலையாட்டினார். அவள் தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தாள்.

அண்ணாச்சிக்கு மெமோ வந்தது. ரோப் கார் ஓட ஆரம்பித்த காலத்திலிருந்து நான் இங்கே இருக்கிறேன். மெமோ வாங்கினவரைப் பார்த்து நான் நெஞ்சு நிமிர்ந்தது அன்றைக்குத்தான். டிக்கெட் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் தேவையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலேயே அண்ணாச்சி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். காற்றுமானிக்குத் தனி வழி, பட்டனுக்கும் பிரேக்குக்கும் தனி வழி என்று பிரித்தார். காற்று எவ்வளவுதான் கத்தினாலும் இனி மற்றவர்களின் வரியைத் தள்ளாது. அவரே ஃபேனைத் தூக்கி வந்து வைத்தார். முழு வேகத்தில் சுழலவிட்டு 'பூமிநாதன்' என்று அனுப்பினார். வந்தது. 'சங்கரவடிவு' என்று அனுப்பினார். அதுவும் வந்தது. சின்னப்பிள்ளை மாதிரி அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்.

"குருவே, இனிமே பட்டன் வரியைக் காத்து தள்ளாது. வேணும்னா எழுதிக் கையெழுத்தே..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செல்வி சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார்.

"சரி, அந்தச் சொந்தக் கதை வரி. அதை இனி எடுத்துரலாம்லா?"

"இருக்கட்டும் அண்ணாச்சி."

"இனி அதுக்கு என்ன வேலை இருக்கு?"

"தான் விட்டதைத் தானே சொல்லுதது இந்தக் குன்றுல அது ஒண்ணுதான் இருந்துச்சு," என்றாள் செல்வி. "நேத்துலருந்து ரெண்டாச்சு. ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கட்டும்."