பாசிமேல் கல் வைத்த நண்டு

ஆழம் குறைந்த கடலடியில் ஒரு நண்டும் ஒரு மட்டிச் சிப்பியும் பக்கத்து வீட்டுக்காரர்கள். மட்டி தன் குஞ்சுகளோடு மணலுக்குள் புதைந்திருக்கும். மூச்சு விட ஒரு சின்னக் குழாயை மட்டும் மேலே நீட்டும். நண்டுக்கோ ஒரே பயம், திருக்கை மீன். அதன் நிழல் விழுந்தாலே பத்துக் காலும் உதறும்.

ஒருநாள் எங்கிருந்தோ மிதந்து வந்த பாசிக் குவியல் அவர்கள் தலைமேல் படிந்தது. மேலே திருக்கை கண்ணில் படாமல் மறைக்கும் கூரை! உள்ளே தின்னத் தின்னத் தீராத நத்தை!

"அடிச்சது யோகம்!" என்று குதித்தது நண்டு.

"நண்டண்ணே, எனக்கு மூச்சு முட்டுதே!" என்றது மட்டி.

"புது வீடுன்னா அப்படித்தான் மட்டியக்கா! போகப் போகப் பழகிடும்!"

மிதந்து வந்த பாசி நாலு நாள் கிடக்கும். அடுத்த நீரோட்டத்தில் போய்விடும். நண்டு விடுமா? ஓரம் முழுக்கக் கல்லைப் புரட்டி வந்து வைத்தது. நீரோட்டம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. நண்டு தன்னைத்தானே மெச்சிக்கொண்டது.

ஒரு வாரத்தில் அடிப்பாசி அழுகியது. மணல் கறுத்தது. கூமுட்டை நாற்றம் வேறு! மூச்சுக்குத் தவித்த புழுக்கள் மணலை விட்டு வெளியே வந்து துவண்டு விழுந்தன. சாப்பாடு தேடி வருகிறது என்று நண்டு அவற்றையும் தின்றது. இப்படியும் ஒரு மடையன்!

"அண்ணே, பிள்ளைங்க அசையாமக் கிடக்குதுங்க! கல்லை எடுங்க!" என்று கதறியது மட்டி.

"எடுத்தா கூரை போயிடுமே! திருக்கை வந்தா?"

"திருக்கை வந்தா ஓடி ஒளியலாம். மூச்சு நின்னா எங்கே ஓடுவீங்க?"

நண்டு பதில் சொல்ல வாயெடுத்தது. பேச மூச்சில்லை. கால்கள் தள்ளாடின. அப்போதுதான் அதன் மண்டையில் உறைத்தது.

விழுந்து எழுந்து ஒரு கல்லைத் தள்ளியது. இன்னொன்று. இன்னும் ஒன்று. நல்லவேளை, நீரோட்டம் வந்தது! பாசி பாய் போலச் சுருண்டு போயிற்று. குளிர்ந்த புதுத் தண்ணீர் பாய்ந்தது. அப்பாடா!

ஒவ்வொரு குஞ்சாய் மணலுக்கு மேலே குழாயை நீட்டியது.

"எல்லாம் இருக்குதுங்க அண்ணே! ஒண்ணும் குறையலே!" மட்டி அழுதேவிட்டது.

நண்டுக்கு வெட்கமாய்ப் போயிற்று. "அக்கா, உங்க பக்கத்துல மணலுக்குள்ள புதைஞ்சுக்க எனக்கும் கொஞ்சம் இடம் கிடைக்குமா?"

"வாங்கண்ணே! மணல் என்ன, எங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

தன் தலைக்கு நிழல் வேண்டுமென்று பிறர் மூச்சை அடைப்பவன், தன் மூச்சையும் சேர்த்தே அடைத்துக்கொள்கிறான்.