கீரி முட்டிய பந்து

மருதி என்ற கீரிக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். அவள் வாழ்ந்த காட்டில் அந்த ஆண்டு கடும் கோடை. குளம் வற்றி, ஒரே ஒரு குழியில் மட்டும் தண்ணீர் நின்றது. தினமும் கடமான்கள் முதலில் இறங்கிக் குடித்து, கலக்கிவிட்டுப் போயின. சின்ன மிருகங்களுக்குச் சேற்றுத் தண்ணீர்தான்.

"இது என்ன நியாயம்?" என்று சின்ன மிருகங்கள் கேட்டன.

"பந்தாடிப் பார்ப்போமா? ஜெயிக்கிறவர்கள் முதலில் குடிக்கட்டும்!" என்றான் கடமான்களின் தலைவன் கொம்பன். உயரமான தன் கூட்டம் தோற்கவே தோற்காது என்று அவனுக்கு நினைப்பு.

சின்ன மிருகங்களின் அணிக்கு நரி தலைவன். அவன் மருதியிடம், "பந்து தரையில் வந்தால் உதை. மேலே வந்தால் ஒதுங்கிக்கொள். உன் உயரத்துக்கு அதெல்லாம் எட்டாது" என்றான்.

"ஏன்? ஆகாயத்தைக் கடமான்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தாயிற்றா?" என்று சீறினாள் மருதி.

நேரே கரிச்சான் குருவியிடம் போனாள். பறக்கிற பூச்சியை அந்தரத்திலேயே பிடிக்கிறவன் அவன். பருந்தையே விரட்டுகிறவன்.

"மேலே வரும் பந்தை முட்ட எனக்குச் சொல்லிக்கொடு!"

"மூக்கு வீங்கும். பரவாயில்லையா?"

"வீங்கட்டும்!"

கரிச்சான் அத்திமரக் கிளையிலிருந்து காய்களைத் தள்ளிவிட்டான். மருதி எகிறினாள். முதல் நாள் ஒன்றுகூட நெற்றியில் படவில்லை. மூக்கில் பட்டது. முதுகில் பட்டது.

"அவசரப்பட்டு எகிறுகிறாய்! நீ இறங்கும்போதுதான் காய் வருகிறது. நான் பூச்சியைத் துரத்துவதில்லை, அது வரப்போகிற இடத்துக்குப் போகிறேன். பார், பொறு, அப்புறம் பாய்! கடைசி நொடியில் கண்ணை மூடாதே. நெற்றியால் கீழ்நோக்கி முட்டு!"

பத்து நாள் விழுந்து விழுந்து எழுந்தாள். நரி வந்து சிரித்துவிட்டுப் போனான். பதினோராம் நாள், பத்துக் காய்களில் ஏழு அவள் நெற்றியில் பட்டு, குறிவைத்த புற்றில் போய் மோதின.

ஆட்ட நாள் வந்தது. ஆமைதான் நடுவர். பொழுது சாயும்வரை இரு பக்கமும் கோல் விழவில்லை. அப்போது ஓரத்திலிருந்து, மருதியின் அணியில் ஆடிய மந்தி பந்தைத் தூக்கி உதைத்தாள்.

"விலகு மருதி! உனக்கு எட்டாது!" என்று கத்தினான் நரி.

மருதி விலகவில்லை. கொம்பன் முந்திக்கொண்டு எகிறினான். பந்து அவன் கொம்புக்கு மேலே போய், பின்னால் தாழ்ந்தது. அந்த இடத்தில் மருதி காத்திருந்தாள். பாய்ந்தாள். முட்டினாள்! பந்து தரையில் குத்தி எழும்பி, கடமான்களுக்குக் கோல் காத்த கரடியின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியது.

"கோல்!" என்றது ஆமை.

"செல்லாது! ஏதோ குருட்டாம்போக்கில் பட்டது!" என்று கொம்பன் தரையை உதைத்தான்.

ஆமை தயங்கியது. நரியும் பயந்துபோய், "இன்னொரு நாள் ஆடலாமே..." என்று இழுத்தான்.

மருதி பந்தை உருட்டிக்கொண்டு போய் மந்தியின் காலடியில் வைத்தாள்.

"இன்னொரு நாள் எதற்கு? இப்போதே தூக்கிப் போடு, அக்கா! கொம்பனாரே, உங்கள் கூட்டம் மொத்தமும் வந்து நில்லுங்கள்!"

நின்றார்கள். பந்து வந்தது. கொம்புகளுக்கு நடுவே ஒரு சின்ன உடம்பு பாய்ந்தது. மறுபடியும் கோல்!

இந்த முறை கொம்பன் தலையைத் தாழ்த்தித் தோல்வியை ஒப்புக்கொண்டான். மறுநாள் விடியலில் மருதி முதல் ஆளாக இறங்கி, தெளிந்த தண்ணீரை நிதானமாகக் குடித்தாள். கடமான்கள் மேட்டில் காத்து நின்றன.

உனக்கு எட்டாது என்று பிறர் சொன்னால் ஒதுங்கிப் போகாதே. எட்டும் வழியை உழைத்துக் கற்றுக்கொண்டு, அவர்கள் கண்முன்னே செய்து காட்டு.